பொதுவில் போட்ட மாத்திரை

பிப்ரவரி 6, செவ்வாய்

ஆறு மாதமாக அடுத்தவர் வலியைக் கேட்டுக் கேட்டு எழுதியாகிவிட்டது. இந்த நோட்டு எனக்கு. பரமு பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல எழுதுதது பத்தாதாக்கும்?" என்றார். பரமு என் வீட்டுக்காரர். மினிபஸ் ஓட்டுகிறார். வாசிப்பதெல்லாம் தினசரி காலண்டரில் ராகு காலம் மட்டும்தான்.

எங்கள் ஆய்வு நிலையத்தின் வேலை இப்படி. முதலில் ஊருக்குள் போய், உங்களுக்கு என்ன கஷ்டம், என்ன வேண்டும் என்று கேட்போம். பிறகு அதற்கு ஒரு மருந்து உதவுமா என்று சோதித்துப் பார்ப்போம். சிவந்தியூரில் பீடி சுற்றும் பெண்களிடம் கேட்டது நான்தான். இருமலும் கண் எரிச்சலும் சொல்வார்கள் என்று எங்கள் ஆய்வை நடத்தும் டாக்டர் தேவசகாயம் எதிர்பார்த்தார். அவர்கள் சொன்னது வேறு. கழுத்தில் பிடித்து விரல் நுனிவரை இறங்கும் வலி, மரப்பு. "தூங்குதப்ப கை எங்கிட்டுக் கெடக்குன்னே தெரியாது தாயி. விடிஞ்சு தேடி எடுத்துக்கிடணும்" என்றாள் முப்பிடாதி சித்தி. அந்த ஒரு வரியைப் படித்துத்தான் டாக்டர் இந்த ஆய்வையே ஆரம்பித்தார் என்று நான் சொல்லிக்கொள்வேன்.

ஊரே சித்தி என்று கூப்பிடும் முப்பிடாதிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். புருஷன் இல்லை, ஒரே மகள் கட்டிக்கொடுத்த இடத்தில். அவள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான் அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் இலையும் தூளும் வைத்த சுளகோடு வந்து உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். யாருக்காவது அன்றைக்குப் பீடி குறைந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டு அவள் சுளகில் போட்டுவிடுவார்கள். பீடிக்கடையில் எல்லோர் எண்ணிக்கையும் சரியாகப் போய்ச் சேரும். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு.

இன்று அவர்களிடம் ஆய்வை விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டிய நாள். புது மாத்திரை பாதிப் பேருக்குத்தான் கிடைக்கும். மற்ற பாதிக்கு அதே நிறத்தில், அதே அளவில், உள்ளே மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிவிடும். வாங்குகிறவளுக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அப்போதுதான் மருந்தால் குணமா, மருந்து சாப்பிடுகிறோம் என்ற நினைப்பால் குணமா என்று பிரித்துப் பார்க்க முடியும். இவ்வளவையும் இட்லிக்கு மாவு ஆட்டுகிற பதத்தில் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். அதுதான் வினையாகிவிட்டது.

சொர்ணக்கிளிதான் ஆரம்பித்தாள். என் வயசுதான், நாக்கு மட்டும் பத்து வயசு மூத்தது. "பாதிப் பேருக்கு மாவு மாத்திரையா? அப்ப அந்தப் பாதி மத்தவ வாயப் பாத்துக்கிட்டுக் கெடக்கணுமாக்கும்? இவளுக்கு நோவு தீரும், எனக்குத் தீராது. ஒரே கொட்டகைல உக்காந்து இதெல்லாம் நடக்குமா?"

எல்லோரும் சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். இந்த ஊர் சேராவிட்டால் ஆள் கணக்குத் தேறாது, என் வேலையும் மார்ச்சோடு சரி. பிறகு பேசி ஒரு வழியாகச் சமாதானம் செய்தேன். சாயங்காலத்துக்குள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மாத்திரைப் பாட்டில்களைச் சரிபார்க்கும் முதல் நாள். ஒவ்வொருத்திக்கும் அவள் எண் ஒட்டிய பாட்டில். மிச்சத்தை எண்ணினால், சாப்பிட்டாளா மறந்தாளா என்று தெரியும். மற்ற ஊர்களில் பாதிக்குப் பாதி மறந்திருக்கிறார்கள். ஒரு ஊரில் ஒரு பாட்டிலைக் கோழி கிளறிக் கொட்டிவிட்டது. சிவந்தியூரில் ஒருத்திகூட ஒரு வேளை தவறவில்லை. மிச்சம் எல்லாப் பாட்டிலிலும் ஒன்றுபோல இருந்தது.

டாக்டர் தேவசகாயம் கூட்டத்தில் எழுந்து, "உலகம்மை எப்படி எடுத்துச் சொல்றாங்கன்னு எல்லாரும் போய்ப் பாருங்க" என்றார். அவர் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

மார்ச் 5

சித்திக்கு வலி குறைந்திருக்கிறதாம். சொர்ணக்கிளிக்கும் குறைந்திருக்கிறதாம். கொட்டகையில் எல்லோருக்கும் குறைந்திருக்கிறது. பாதிப் பேர் சாப்பிடுவது வெறும் மாத்திரையாயிற்றே என்று யோசித்தேன். நினைப்பாலும் குணமாகும் என்று நான்தானே விளக்கினேன். அப்படித்தான் இருக்கும்.

கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய மறந்தது நான், திட்டு வாங்கியது பரமு.

மார்ச் 18, திங்கள்

நாளைக்குத் தென்காசியில் கூட்டம் இருப்பதால் ஒரு நாள் முன்னதாகவே சிவந்தியூர் போனேன். சொல்லாமல் போனதில் அவர்களுக்குக் கொஞ்சம் பதற்றம். வெளியே உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பிறகு எண்ணினேன். எண்ணிக்கை சரி.

சித்தி வீட்டு அலமாரியில் பெரிய ஊறுகாய் பாட்டில் ஒன்று, கழுவிக் காயவைத்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி இருந்தது. ஊறுகாய் இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து கோதுமை களைந்து காயப்போட்டேன். காக்கா வராமல் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 2

சித்தி சுளகை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். குமட்டுகிறதாம், தலை கிறுகிறுவென்று வருகிறதாம். பாதி சுற்றிய பீடியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எதுக்குளா?" என்று சொர்ணக்கிளியிடம் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தி எப்போதும் கேலி பேசுகிறவள். இதையும் கேலி என்றே எடுத்துக்கொண்டோம்.

"வெயில்தான். மோரு குடிங்க" என்றேன். ஆபீஸிலும் வெயில் என்றே எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சித்தியை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. செத்துப்போன புருஷனுக்குக் காலையில் சோறு எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். நடக்கவிட்டால் சுவரில் போய் முட்டுகிறாளாம். சொர்ணக்கிளிதான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தாள். நான் போனபோது, "ஏட்டி, மழை வருது, இலைய உள்ள எடுத்து வை" என்று சித்தி என்னிடம் சொன்னாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

ரத்தத்தில் உப்பு ரொம்பக் குறைந்திருக்கிறது என்றார்கள். புது மாத்திரை சில உடம்புக்கு அப்படிச் செய்யும், அது எங்களுக்கு முன்பே தெரியும். டாக்டர் தேவசகாயம் வந்தார். இப்படி ஆபத்து வந்தால் அந்த ஒருத்திக்கு மட்டும் எது கொடுக்கப்பட்டது என்று திறந்து பார்க்கலாம். நாளைக்கு விவரம் வரும்.

ஏப்ரல் 10

வந்துவிட்டது. சித்தியின் பாட்டிலில் இருந்தது வெறும் மாத்திரை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நம்ம மருந்து இல்ல உலகம்மை. அவங்க வெறும் மாத்திரைதான். வேற காரணம் தேடணும். யாருகிட்டயும் இதச் சொல்லாதீங்க, ஆய்வு கெட்டுரும்." அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி. கழுத்தில் ஒரு சுரப்பி, நுரையீரலுக்கு ஒரு படம் என்று என்னென்னவோ பரிசோதனைக்கு எழுதினார். ஒழுங்காகச் சாப்பிடாமலும் இருக்கலாம் என்றார். நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அந்த ஊறுகாய் பாட்டிலில் மாத்திரைகள் இருந்தன. எல்லோருடைய மாத்திரையும். மார்ச் பதினெட்டாம் தேதி நான் போய்ச் சேரும்போது சொர்ணக்கிளி அதிலிருந்து அள்ளி எண் ஒட்டிய பாட்டில்களில் சமமாகப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். நான் வருகிற நாளுக்காக. மற்ற நாளெல்லாம் எல்லாம் ஒரே பாட்டிலில் கிடக்கும். காலையில் சித்தி கையைவிட்டு ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுப்பாள். யார் கைக்கு மருந்து, யார் கைக்கு மாவு என்று அன்றன்றைக்கு விழுந்ததுதான். யாருக்கும் இல்லாமல் போகக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

என்ன காரியம் செய்திருக்கீங்க என்று அன்றைக்குக் கேட்டேன். சொர்ணக்கிளி சொன்ன பதிலை எழுதத் தேவையில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆக, சித்தி சாப்பிட்டது வெறும் மாத்திரை மட்டும் இல்லை. அது எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது.

ஏப்ரல் 11

பரமுவிடம் சொன்னேன். சாப்பாட்டில் இருந்து கையை எடுக்காமலே, "டாக்டரே மாத்திரை காரணம் இல்லன்னுட்டாரு. நீ எதுக்கு இழுத்துப்போட்டுக்கிடுத?" என்றார்.

"தப்பாச் சொல்லுதாருங்க. அவருக்குத் தெரியாது."

"அந்தம்மாவுக்கு உப்பு ஏத்துதாங்கள்லா? ஏத்துனா சரியாப் போயிரும். நீ வாயத் தொறந்தா ஒனக்கும் வேலை போச்சு, அவளுவளுக்கும் மாத்திரை போச்சு."

கெட்ட மனிதர் இல்லை. நான் கேட்க விரும்பியதைத்தான் சொன்னார். ரசம் ஊற்றினேன்.

ஏப்ரல் 13, சனி

சித்திக்குத் தெளிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்குத்தான் தாயி அலைச்சல்" என்றாள். மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "வெறும் மாத்திரைதானே, சாப்பிட்டா என்ன?" என்றார் டாக்டர். அவர் அறிந்த வரையில் சரிதான்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வராந்தாவில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. "சார்" என்று கூப்பிடக்கூடச் செய்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். "சாப்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. கனி பார்த்தோம். பாயசம் வைத்தேன். கனித்தட்டில் வைத்த கண்ணாடியில் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். யாருக்கும் நஷ்டம் இல்லாத வழி.

இன்று எல்லோருக்கும் புதுப் பாட்டில் கொடுக்கிற நாள். சொர்ணக்கிளியைத் தனியாகக் கூப்பிட்டேன். "நீங்க என்னமும் செஞ்சுக்கிடுங்க. சித்தி பாட்டிலை மட்டும் இதுல கலக்காதீங்க. தனியா வைங்க. அவங்களுக்கு அவங்க பாட்டில் மாத்திரை போதும்" என்றேன். சித்தியின் பாட்டிலில் இருப்பது மாவு. அதை மட்டும் சாப்பிட்டால் ஒன்றும் வராது. டாக்டரிடம் சொல்ல வேண்டியதும் இல்லை. அவளும் பிழைத்தாள், நானும் பிழைத்தேன்.

சொர்ணக்கிளி என்னையே பார்த்தாள். "அவளுக்கு மட்டுமா?"

"அவங்களுக்கு மட்டும்."

"சரி, உலகு. விளங்குது" என்றாள். வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம்தான்.

பல நாளைக்குப் பிறகு இன்று ருசித்துச் சாப்பிட்டேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

ஏப்ரல் 23

வேறு ஊர் வேலை. சிவந்தியூருக்குப் போகவில்லை. போனில் கேட்டேன். "சித்தி நல்லாருக்கா. நாங்கதான் பாத்துக்கிடுதோம்லா" என்றாள் சொர்ணக்கிளி.

ஏப்ரல் 27, சனி

சித்தி விழுந்துவிட்டாள். பீடிக்கடைக்குப் போக எழுந்தவளுக்கு வலிப்பு வந்து ஆட்டுரலில் மண்டை மோதியிருக்கிறது. மூளைக்குள் ரத்தக் கட்டு. ஆபரேஷன் நடக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் சொர்ணக்கிளியின் சேலையெல்லாம் ரத்தம். நான் போனதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போனாள்.

"உலகு, ஒண்ணு கேக்கேன். ரெண்டு மாத்திரை தின்னா இப்படி ஆவுமா?"

"யாரு ரெண்டு தின்னா?"

"நீ அவ பாட்டில மட்டும் தனியா வைன்னு சொன்ன பொறவு எங்களுக்குத் தெரியாதா? அவளுக்கு மாவுதான் விழுந்திருக்குன்னு வெளங்கிப் போச்சு. ஆஸ்பத்திரில கெடந்து எந்திரிச்சு வந்தவ. இருக்கதுலயே அவளுக்குத்தான் நோவு கூட. அவளுக்கா மாவு? எங்களுக்கு மனசு கேக்கல. அவ பாட்டிலத் தூக்கிக் கோழிக்குப் போட்டுட்டு, எங்க பங்குலேர்ந்து அவளுக்குக் காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு குடுத்தோம்."

அவள் அழவில்லை. நான் ஆமாம் இல்லை என்று சொல்வதற்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தேவசகாயத்தைத் தேடி ஓடினேன்.

அதே நாள், பிறகு

சொல்லிவிட்டேன். ஊறுகாய் பாட்டில், பங்கு வைத்தது, நான் பார்த்தது, பார்த்தும் எண்ணிக்கை சரி என்று எழுதியது, சித்தி பாட்டிலைத் தனியாக வைக்கச் சொன்னது, அதனால் நடந்தது. முடித்ததும் டாக்டர் என்னை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். சித்தி தின்றது மருந்துதான் என்று உள்ளே இருக்கிறவர்களுக்குச் சொல்ல. முதலில் நோயாளி, பிறகுதான் நான். அது அவருடைய குணம்.

வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மொத தடவை அட்மிட் ஆனப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா மாத்திரைய நிறுத்தியிருப்போம். அவ்வளவுதான் வைத்தியம். நிறுத்துறதுதான்."

"தெரியும் சார்."

"எந்த ஊர்லயும் எண்ணிக்கை இவ்வளவு சரியா வராது. வந்தப்பவே நான் ஊருக்குப் போய்ப் பாத்திருக்கணும். கூட்டத்துல எழுந்து பாராட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மேல எழுதணும். உங்க பேரோட."

"எழுதுங்க சார்" என்றேன். "இன்னொண்ணும் இருக்கு சார்."

அந்த இன்னொன்றை இந்த நோட்டிலும் இதுவரை எழுதவில்லை. எத்தனை பக்கத்தைத் தாண்டி வந்துவிட்டேன். சிவந்தியூர்ப் பெண்களுக்கு மாத்திரையைக் கலக்கும் யோசனை தானாக வரவில்லை. பிப்ரவரி ஆறாம் தேதி அவர்கள் சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டபோது நான் சொன்னேன்: "பீடி குறைஞ்சா உங்களுக்குள்ள சரிக்கட்டிக்கிடுதீங்கல்லா? இதையும் அப்படிச் சரிக்கட்டிக்கிடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

விளையாட்டாகச் சொன்னதுதான் என்று எழுத வந்தது. விளையாட்டாகச் சொல்கிறவள் 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று சேர்த்துச் சொல்லமாட்டாள். ஊறுகாய் பாட்டிலைப் பார்த்த அன்று சொர்ணக்கிளி சொன்ன பதிலும் இதுதான்: "நீ சொன்னபடிதான் செஞ்சிருக்கோம்."

ஏப்ரல் 30

சித்தி கண் திறந்திருக்கிறாள். வலது கையில் அசைவு இல்லை. மகள் வந்திருக்கிறாள். என்னை யாரென்று தெரியாமல், "ஆபீஸ்லேர்ந்து வந்து பாக்கீங்களே, அதுவே பெருசுக்கா" என்றாள்.

மே 7

சிவந்தியூரில் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். பாட்டில்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வர என்னையே அனுப்பினார்கள். தண்டனை என்று அனுப்பவில்லை, வேறு ஆள் இல்லை. ஒவ்வொருத்தியும் பேசாமல் நீட்டினாள். பீடி சுற்றுகிற கைகளையே பார்த்தேன். மரத்த கைகளை மறுபடியும் உதறிவிட்டுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார்கள்.

"அப்ப இந்த மாத்திரை நல்லதா கெட்டதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

யாருக்கும் தெரியாது. இந்த ஊர்க் கணக்கு எதற்கும் உதவாது. ஆறு மாதம் அவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லி, நாங்கள் கொண்டுவந்த மருந்து அவர்களுக்கு ஆகுமா ஆகாதா என்பது தெரியாமலே போயிற்று. இவர்கள் கையால் கிடைத்திருக்க வேண்டிய பதிலை நான் கெடுத்தேன். வேறு ஊர்களில் இப்படிக் கை மரத்துக் கிடக்கிற எத்தனையோ பெண்களுக்கும் அந்தப் பதில் சேர வேண்டியது.

சொர்ணக்கிளி ஊறுகாய் பாட்டிலையே கொண்டுவந்து என் பையில் வைத்தாள். அடியில் இன்னும் கொஞ்சம் கிடந்தது.

மே 15

வேலை போயிற்று. பரமு, "மினிபஸ்ல கண்டக்டரா வாரியா?" என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். சிரித்தேன். பிறகு கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

ஜூன் 18, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை என்றால் கால் தானாகவே சிவந்தியூர் பஸ்ஸில் ஏறுகிறது. போன மூன்று தடவையும் ஊர் முக்கு வரை போய்த் திரும்பிவிட்டேன். இன்று கொட்டகைக்குள் போனேன்.

சித்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முடி குட்டையாக வளர்ந்திருந்தது. வலது கையை எடுத்து மடியில் வைத்திருந்தாள், அடுத்தவர் பிள்ளையை வைத்திருப்பதுபோல. கூடவே உட்கார்ந்து பெண்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சித்தியின் சுளகு அவள் காலடியில் இருந்தது. ஒவ்வொருத்தியும் தன் பீடிக் கட்டுகளில் ஒன்றை அதில் போட்டுக்கொண்டிருந்தாள். பீடிக்கடைக் கணக்கில் சித்தி பெயரை அடித்துவிடாமல் இருக்க.

யாரும் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் தரையில் உட்கார்ந்து சித்தி காலைப் பிடித்துக்கொண்டேன்.

"சித்தி, மொத தடவை நீங்க ஆஸ்பத்திரில கெடந்தப்பவே எனக்குத் தெரியும். மாத்திரையாலதான்னு தெரியும். டாக்டருகிட்ட நான் சொல்லல. சொல்லியிருந்தா ரெண்டாவது தடவை வந்திருக்காது."

சித்திக்கு இப்போது பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. என்னைத் திட்டுவதற்குத்தான் தேடுகிறாள் என்று காத்திருந்தேன்.

"எம் பாட்டிலு… மாவா?"

"ஆமா சித்தி."

"அப்ப நான் தின்னது… யாரு பங்கு?"

எனக்கு விளங்கவில்லை. சித்தி இடது கையால் கொட்டகையைச் சுற்றிக் காட்டினாள். உதறிக்கொண்டே பீடி சுற்றுகிற கைகள்.

"சொர்ணத்துக்குக் கை… இன்னும் வலிக்குல்லா. அவ பங்கா இருக்குமோ? நான்… கொறைய வச்சிட்டனோ?"

சொர்ணக்கிளி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகச் சுற்ற ஆரம்பித்தாள். இலை கிழிந்தது.

"நீங்க இல்ல சித்தி. எல்லாருக்கும் கொறைய வச்சது நான்தான்" என்றேன். சத்தமாகச் சொன்னேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும். யாரும் மறுக்கவில்லை.

சித்திக்கு நான் சொன்னது எட்டியதா என்று தெரியவில்லை. அவள் இன்னும் யார் பங்கு என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் தலையில் இடது கையை வைத்தாள். பிறகு சொர்ணக்கிளி பக்கம் திரும்பி, "வெயில்ல… வந்திருக்கா. காப்பி போடுளா" என்றாள்.

சொர்ணக்கிளி எழுந்து உள்ளே போனாள். காப்பியைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். சீனி இல்லை. மறந்திருக்கமாட்டாள்.

சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரை எடுத்து முழுவதையும் குடித்தேன்.